தரி என்றால் தரிசு அல்ல: பெங்களூரில் ஓர் ஏரியின் வரலாற்றைத் தேடிய நிகழ்வு ஆய்வு

பெங்களூரின் தென்கிழக்கில், தமிழ்க் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு குடியிருப்பில் 2022 டிசம்பர் முதல் 2024 அக்டோபர் வரை நடந்ததை இங்கே பதிகிறேன். ஊர், ஏரி, ஆட்கள் எவருக்கும் இதில் பெயரில்லை. ஏன் இல்லை என்பது பாதி படிக்கும்போது தெரிந்துவிடும். ஒரு பகுதியின் சூழல் வரலாற்றை, அதாவது மனிதர்களும் நீரும் நிலமும் ஒன்றையொன்று எப்படி மாற்றிக்கொண்டு வந்தன என்பதை, உள்ளூர் ஆட்களை வைத்தே எழுத நினைப்பவர்களுக்காக இது. எங்களுக்குச் சரியாக வந்ததைவிடத் தவறிப்போனதுதான் இதில் அதிகம்.

பின்னணி

2022 செப்டம்பர் 4 இரவு பெங்களூரில் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படங்களை நாடே பார்த்தது. அந்தப் படங்களில் வராத இடங்களில் ஒன்று இந்தக் குடியிருப்பு. ஏறக்குறைய 140 வீடுகள். கீழ் வீதிகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சற்று மேற்கே உள்ள அடுக்குமாடி வளாகத்தின் தரையடி வண்டி நிறுத்தத்திலும் தண்ணீர் ஏறியது.

வெள்ளம் வடிந்ததும் விளக்கங்கள் வந்தன. அடுக்குமாடி வளாகத்தின் சங்கம், "ஏரியை ஆக்கிரமித்து வீடு கட்டினார்கள், தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டது. குடியிருப்பில் கேட்டால், "மோரி அடைச்சிக்கிச்சு" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. மோரி என்றால் வடிகால்.

ஆக்கிரமிப்பு என்ற சொல் இந்த நகரத்துத் தமிழர் காதில் வேறு மாதிரியும் விழும். 1991 டிசம்பரில் காவிரி நீர்ப் பிரச்சினையை ஒட்டி நடந்த கலவரத்தை இங்கே '91 கலாட்டா' என்பார்கள். அன்று ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் எரிந்துபோன வீடுகள் இந்தக் குடியிருப்பிலேயே உண்டு. 'எப்போது வந்தீர்கள், என்ன பத்திரம் இருக்கிறது' என்று யார் கேட்டாலும் முகம் மாறிவிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போனோம். தெரிந்திருந்தும் பயனில்லை என்பது பின்னால் வரும்.

குழுவில் நான்கு பேர். நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இரண்டு இளங்கலை மாணவர்கள், இருவரும் இந்த நகரத்திலேயே பிறந்த தமிழர்கள், கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். நான்காமவர் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர். கேள்வி ஒன்றுதான்: ஏரி எப்போது, எதனால் செத்தது?

ஏரி என்பது என்ன

களத்துக்குப் போகுமுன் மாணவர்களோடு ஒரு மாதம் படித்தோம். அதைச் சொல்லாமல் மேலே போனால் மற்றது புரியாது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. வற்றாத ஆறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. மழைநீர் மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. ஹெப்பாள், கோரமங்கலா–சல்லகட்டா ஆகிய இரண்டும் தட்சிண பினாகினிக்குப் போகின்றன. அதுதான் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரையோடு வந்து நிற்கிற நம் தென்பெண்ணை. இந்தப் பள்ளங்களில் குறுக்கே கரை போட்டு, ஒன்றின் உபரி அடுத்ததில் விழும்படி அடுக்கடுக்காக அமைத்தவைதான் இங்குள்ள ஏரிகள். இயற்கை ஏரி என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. மாணவர்களுக்கு இதுவே முதல் அதிர்ச்சி. 'இயற்கையை மனிதன் அழித்தான்' என்ற கதையோடு வந்தவர்கள் அவர்கள்.

ஜனவரியில் அவர்களை மடிவாளா சோமேசுவரர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அதன் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, வேப்பூர், அதாவது இன்றைய பேகூரைச் சேர்ந்த ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலத்துக் கல்வெட்டொன்றில் தாமரைக்கிரை என்ற இடம் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் தாவரெகெரெதான் அது என்பார்கள். தமிழர் 'கரை' என்று படிக்கத் தோன்றும். கன்னடக் காதுக்கு அது 'கெரெ', அதாவது ஏரி. நான் கெரெ என்றே படிப்பேன். மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். 'ஏரிக்குக் கீழே' என்ற சொல்லை யாரும், நான் உட்பட, நின்று யோசிக்கவில்லை. அதை அன்றே யோசித்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஏரிக்குக் கீழே என்றால் கரைக்கு அந்தப் பக்கம், தூம்பு, அதாவது மதகு வழியாகத் தண்ணீர் பாயும் நன்செய். ஏரியின் மதிப்பே அந்த நிலத்தில்தான். மேட்டில் ராகி, பள்ளத்தில் நெல். தூம்பைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைக்கிறவரை இங்கே நீர்கண்டி என்பார்கள். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, நீராணிக்காரர் என்று ஊருக்கொரு பெயர். அறுவடையில் அவருக்குத் தானியப் பங்கு. கோடையில் வண்டல் எடுத்து வயலுக்கு அடிப்பதும், கரையை மண் போட்டுத் தூக்குவதும் நன்செய்க்காரர்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஆக ஏரி என்பது வருஷந்தோறும் பழுது பார்த்தால் மட்டுமே ஓடுகிற ஒரு பொறி. ஓட்டுகிறவனுக்கு அதில் பங்கு இருக்கும்வரைதான் ஓடும்.

நகரம் குழாய்த் தண்ணீருக்கு மாறிய வரிசையும் முக்கியம். அர்க்காவதியில் ஹெசரகட்டாவிலிருந்து 1896-இல் நீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி. 1974-இல் காவிரியின் முதல் கட்டம், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி. ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால் உள்ளூர் ஏரிகளின் மேல் கண்ணும் கையும் குறைந்தன. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. அதன் ஓரத்தில் ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சி, கரக விழாச் சடங்குக்குப் பயன்படுகிறது. நம் ஏரிக்கும் இதே கதைதான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டோம்.

முதல் கட்டம்: வரைபடம் (2023 ஜனவரி–மார்ச்)

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய நில அளவை வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் விரித்தோம். இரண்டையும் பொருத்த, இரண்டிலும் இருக்கிற இடங்கள் வேண்டும். ஒரு கோயிலையும் இரண்டு சாலைச் சந்திப்புகளையும் எடுத்துக்கொண்டோம். நீலப் பரப்பு அழகாக வந்து குடியிருப்பின் மேல் உட்கார்ந்தது. மொத்த வீடுகளும் ஏரிக்குள்.

அடுத்தது வருவாய் ஆவணம். பஹணி என்பது கர்நாடகத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள நிலப் பதிவு. பழைய பஹணிப் பிரதியில், கரைக்குக் கிழக்கே உள்ள சர்வே எண்களுக்கு எதிரே நில வகை 'தரி' என்று இருந்தது. மாணவர் அதைத் 'தரிசு' என்று குறித்துக்கொண்டார். எனக்கும் அப்படியே பட்டது. ஆக, ஏரிக்கு அந்தப் பக்கம் யாரும் பயிரிடாத தரிசு நிலம், ஏரியால் யாருக்கும் பெரிய பயனில்லை, வெறும் நீர்நிலையாக இருந்ததை வந்தவர்கள் தூர்த்துவிட்டார்கள் என்று கதை தானாக முடைந்துகொண்டது. ஓய்வு பெற்ற அளவையாளர் பெரும்பாலும் தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர். அவருக்கும் உறைக்கவில்லை.

கன்னட வருவாய்க் கணக்கில் தரி என்றால் நன்செய். புன்செய் குஷ்கி, தோட்டம் பாகாயத். தரிசுக்கு நேர் எதிரானது தரி.

இரண்டாம் கட்டம்: பேச்சு (2023 ஏப்ரல்–மே)

ஒன்பது பேரிடம் பேசினோம். அதில் எழுபது தாண்டிய ஓர் ஆயாவின் பேச்சு மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்தவர். வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. "எமர்ஜென்சிக்கு ரெண்டு வருஷம் முன்ன, பெரியவன் கைக்கொழந்தை" என்றார். 1973 வாக்கில். என்ன வேலைக்கு வந்தீர்கள் என்றதற்கு, "கல்லு அறுக்கத்தான் கண்ணு" என்றார்.

செங்கல். ஏரிக்குள் செங்கல் சூளை.

"ஏரியில தண்ணி இருந்துச்சா ஆயா?"

"தண்ணி இருந்தா கல்லு எப்படி அறுப்பாங்க? கரை ஒரு பக்கம் ஒடைஞ்சு கெடந்துச்சு. மழைக்கு நிக்கும், ரெண்டு நாள்ல ஓடிடும். நல்ல களிமண்ணு. அதுக்குத்தான் மேஸ்திரி அங்க சூளை போட்டான். மண்ணு தீந்தப்புறம் சூளைய எடுத்துட்டான், எங்கள உட்டுட்டான்."

இதை எங்கள் குறிப்பேட்டில், 'முதிய வயது. நினைவுப் பிசகு இருக்கலாம். வரைபடத்தோடு முரண்' என்று எழுதினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அச்சிட்ட நீலத்தை நம்பி, அந்த மண்ணைக் கையால் பிசைந்தவரை நம்பாமல் விட்டதற்கு இன்றும் சமாதானம் சொல்ல முடியவில்லை.

கசிவு (2023 மே)

மே இரண்டாம் வாரம் ஒரு மாணவர் வரைபடத்தின் படத்தைத் தன் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். தீய எண்ணம் எதுவுமில்லை, செய்த வேலையைக் காட்டும் ஆசைதான். நான்கு நாளில் அது அடுக்குமாடி வளாகத்தின் சங்கத்துக்குப் போய்விட்டது. குடியிருப்பு முழுவதும் ஏரிக்குள் இருக்கிறது என்பதற்குக் 'கல்லூரி ஆய்வே' சான்று என்று ஒரு மனு தயாரானது.

குடியிருப்பில் மறுநாளே தெரிந்துவிட்டது. சில வீடுகளுக்கு ஹக்குப் பத்திரம், அதாவது அரசு கொடுத்த உரிமைப் பத்திரம் உண்டு, பல வீடுகளுக்கு இல்லை. இரண்டு வாடகைக் குடும்பங்கள் மாதம் முடியுமுன் காலி செய்தன. ஆயா வீட்டு வாசலில் நின்றேன். கதவைப் பாதி திறந்தபடி சொன்னார்: "நீ கேட்ட, நான் சொன்னேன் சாரு. சொன்னதை எல்லாம் எழுதிக்கினு, என் வூட்டை படத்துல தண்ணிக்குள்ள போட்டுட்டியே." அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மே இறுதியில் குழு கூடியது. வேலையை நிறுத்துவதா, தொடர்வதா? அளவையாளர் தொடரச் சொன்னார். "யாருக்கு வலிக்குதுன்னு பார்த்து வரைபடம் வரைய முடியாதுங்க. கோடு எங்க இருக்கோ அங்கதான் இருக்கும்" என்பது அவர் வாதம். மாணவர்கள் நிறுத்தச் சொன்னார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். அது நிலைப்பாடே அல்ல என்று அளவையாளர் முகத்துக்கு நேரே சொன்னார், சரியாகத்தான் சொன்னார்.

கடைசியில் வரைபடத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி, அடுக்குமாடி வளாகத்தின் சங்கத்துக்கும் குடியிருப்பின் பெரியவர்களுக்கும் ஒரே கடிதத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் கொடுத்தோம். காரணம் எளிது: அது சரிபார்க்காத வரைவு, சரிபார்க்காததை ஒருவர் சான்றாக்கிவிட்டார். மாரியம்மன் கோயில் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன். இனி எடுக்கும் எந்தக் குறிப்பும் சொன்னவரிடம் வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே எங்கள் ஏட்டில் ஏறும் என்றும் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர், "அப்ப படத்தையும் எங்களுக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். காட்டுவோம் என்றேன். அந்த ஒரு பதில்தான் பிறகு வேலையைக் காப்பாற்றியது.

கன்னட ஆசிரியை ஒருவரைக் குழுவில் சேர்த்ததும் இந்த மாதத்தில்தான். வந்த முதல் நாளே பஹணிக் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனிது? தரி அந்தரெ கத்தெ பூமி அல்வா?" வயல் நிலமல்லவா என்கிறார். ஐந்து மாதக் கட்டுமானம் ஒரு வாக்கியத்தில் சரிந்தது.

தூம்புக் கல் (2023 ஆகஸ்ட்)

ஆடித் திருவிழாவுக்கு அழைத்தார்கள். குறிப்பேடு இல்லாமல் போனோம். மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. புதைந்தது போக ஆறடி உயரம், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல், இடுப்பளவில் இன்னொன்று. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அம்மன் ஊஞ்சல் கல் என்பார்கள். ஊஞ்சல் கட்ட இரண்டு துளை வேண்டும். இந்தப் பலகைக் கற்களில் நட்டநடுவே ஒரே ஒரு துளை, மேலும் கீழும் நேர்கோட்டில்.

அளவையாளர்தான் முதலில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு அருகே போய்த் துளைக்குள் பார்த்தார். "சார், இது தூம்பு" என்றார்.

ஏரிக்குள், கரையை ஒட்டி, அடி மதகின் வாயை அடைக்கும் கட்டையில் ஒரு நீண்ட கழி செருகியிருக்கும். அந்தக் கழி ஆடாமல் ஏறி இறங்கத்தான் இந்தத் துளைகள். கன்னடத்தில் தூபு, தமிழில் தூம்பு. நீர்கண்டி நின்று கழியைத் தூக்கிய இடம் அது. கல் இடம் மாறவில்லை என்பதற்குச் சான்று அதன் அடியிலேயே இருந்தது: பத்து வருஷம் முன்பு கோயிலுக்குத் தளம் போடத் தோண்டியபோது, கல்லுக்குக் கீழே கிழக்கு நோக்கி ஒரு கல் வாய்க்கால் போவதைப் பார்த்ததாகக் கொத்தனார் இருவர் தனித்தனியே சொன்னார்கள்.

தூம்பு கோயில் வாசலில் என்றால் கரை அதை ஒட்டிக் கிழக்கே இருந்திருக்க வேண்டும். கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் வீதியை எல்லோரும் மேட்டுத் தெரு என்கிறார்கள். எட்டு மாதமாக அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருந்தோம். 2022 வெள்ளத்தில் மேட்டுத் தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை என்பதும் எங்கள் குறிப்பேட்டிலேயே இருந்தது. அந்தத் தெருதான் ஏரிக்கரை.

நாங்கள் வரைந்த கரை அதற்கும் கிழக்கே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் சுமார் 63 மீட்டர். பொருத்துவதற்கு எடுத்த சாலைச் சந்திப்புகளில் ஒன்று லேஅவுட் போட்டபோது இடம் மாறியிருக்கிறது. காகிதத்தில் இரண்டு மில்லிமீட்டர் பிசகு, தரையில் குடியிருப்பில் பாதி. கிழக்கு வீதிகள் ஏரிக்குள் இல்லை, ஏரிக்குக் கீழே. மடிவாளாவில் சுவரில் பார்த்த அதே 'கீழே'.

மீண்டும் அளந்தது (2023 அக்டோபர்–2024 பிப்ரவரி)

இந்த முறை கணினியைக் கடைசியில் வைத்தோம். குடியிருப்பில் கொத்தனார்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் டியூப் லெவல் இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை இரண்டு பக்கமும் பிடித்து, தெருத் தெருவாக மட்டம் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏழெட்டுப் பிள்ளைகள் புடைசூழ. மேட்டுத் தெரு இருபுறத்தையும்விட உயரம் என்பது உறுதியானது. அதன் வடக்கு முனையில் மட்டும் மட்டம் இறங்குகிறது. அங்கேதான் கோடி, அதாவது உபரி நீர் வழியும் கலிங்கு இருந்திருக்க வேண்டும். கோடியிலிருந்து புறப்பட்ட வாய்க்கால்தான் இன்றைய கிழக்கு வீதி ஒன்றின் தடம். அது லேஅவுட்டின் பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் இருக்கிற சிறுபாலம், மேலேயும் கீழேயும் உள்ள கால்வாயைவிட ஒடுக்கம். பாதிக்கு மேல் மண்.

1960-களின் இறுதியில் எடுத்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படம் ஒன்றையும் வாங்கினோம். அமெரிக்க அரசு 1995-இல் வெளிப்படுத்திய தொகுப்பு அது. வறண்ட ஏரி தெரிந்ததும் மாணவர்கள் துள்ளினார்கள். அளவையாளர் அடக்கினார்: படம் கோடையில் எடுத்தது, கோடையில் எந்த ஏரிதான் வற்றாது? வறட்சி சான்றல்ல. ஆனால் கரையில் ஓர் உடைப்பும், படுகையில் சதுரச் சதுரமாகக் குழிகளும் தெரிந்தன. உடைப்பு கோடையில் வந்து மழையில் போவதில்லை. குழிகள், ஆயா சொன்ன களிமண் வெட்டு. ஆக, அவர் வருமுன்பே சூளைகள் அங்கே இருந்திருக்கின்றன.

அப்போது வரிசை தெளிந்தது. கரைக்குக் கிழக்கே தரி நிலங்கள் லேஅவுட்டுக்கு எடுக்கப்பட்டது 1960-களின் நடுவில். நன்செய் போனதும் தூம்பைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. நீர்கண்டிக்குப் பங்கு கொடுக்க அறுவடை இல்லை. வண்டல் எடுக்க, கரை தூக்க யாருக்கும் காரணம் இல்லை. ஒரு மழையில் கரை உடைந்தது, அடைப்பாரில்லை. வறண்ட படுகையின் களிமண் புதிய லேஅவுட்டின் வீடுகளுக்கே செங்கல்லானது. அதை அறுக்க வந்தவர்கள் 1970-களில் அங்கே தங்கினார்கள். ஏரி செத்ததால் வந்தவர்களை, ஏரியைக் கொன்றவர்களாகத்தான் 2022-இல் பேசினார்கள். நாங்களும் அதையே படமாக வரைந்து கொடுத்தோம்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. இந்த ஏரி அடுக்கில் அடுத்த ஏரி இன்று வற்றுவதே இல்லை. பிள்ளைகள் 'எப்பவுமே தண்ணி இருக்கும்' என்கிறார்கள். காவிரி நீர் வீடுகளுக்கு வந்து, பயன்படுத்தியபின் கழிவாக இந்தப் பள்ளத்தில் இறங்கிய பிறகுதான் அது வருஷம் முழுவதும் நிறைந்தது. வறண்டு நிறையும் ஏரியில் கோடையில் படுகை காயும், புல் முளைக்கும், மாடு மேயும், வண்டல் அள்ளலாம். எப்போதும் நிறைந்த ஏரியில் ஆகாயத்தாமரைதான் முளைக்கும். நிறைந்த ஏரியே நலமான ஏரி என்ற நினைப்பு நகரத்தில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது.

எதை வெளியிட்டோம்

கிழக்குப் பாதி நன்செய் என்று தெரிந்தது ஆறுதல்தான். ஆனால் மேற்குப் பாதி வீடுகள் படுகையில்தான் இருக்கின்றன. அளவையாளர் கேட்ட கேள்வி போகவில்லை: கோடு உண்மையாகவே வீட்டின் மேல் விழுந்தால் என்ன செய்வது?

திடலில் வாக்குக் கொடுத்தபடி படத்தை முதலில் குடியிருப்பினருக்குக் காட்டினோம். இரண்டு மணிநேர வாக்குவாதம். முடிவில் அவர்களே சொன்னது: கரை, தூம்பு, கோடி, வாய்க்கால், சிறுபாலம் ஆகியவை படத்தில் இருக்கட்டும். வீடுகள் வேண்டாம். படுகையில் குடியேறியது எப்போது, எப்படி என்பதை எழுத்தில் ஆண்டு வரிசையோடு சொல்லுங்கள். அளவையாளர் ஏற்கவில்லை. தன் பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்றார், ஆனால் வேலையை விட்டுப் போகவில்லை. வீடுகளை விட்டது மறைத்ததாகுமா? படுகையில் வீடுகள் இருப்பதை எழுத்தில் ஒளிக்கவில்லை. எந்த வீடு என்று விரல் நீட்டவில்லை, அவ்வளவுதான். இது போதுமான பதில் என்று எனக்கு ஒரு நாள் தோன்றும், மறுநாள் தோன்றாது.

பின்விளைவு

2024 மார்ச்சில் தமிழ், கன்னடம் இரண்டிலும் 24 பக்கச் சிறு ஏட்டை வார்டு அலுவலகத்தில் கொடுத்தோம். நகரமே ஆழ்துளைக் கிணறு வற்றி டேங்கருக்கு வரிசையில் நின்ற மாதம் அது. வெள்ளத்தைப் பற்றிப் பேச அழைத்த கூட்டத்துக்கு 11 பேர் வந்தார்கள். அடுக்குமாடி வளாகத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். சிறுபாலம் ஒடுக்கமாக இருப்பதால் தண்ணீர் பின்வாங்கித் தங்கள் நிறுத்தத்தில் ஏறுகிறது என்பதை மட்டக் கணக்கோடு பார்த்தபின், அவர்கள் மனுவின் இலக்கு மாறியது. வீடுகளைப் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு, சிறுபாலத்தைத் தூர்வாரச் சொல்லிக் குடியிருப்பினரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். நட்பால் அல்ல, வண்டி நனைகிறதே என்பதால். அது போதும்.

ஜூனில் மண் அள்ளினார்கள். பாலத்தை அகலப்படுத்தவில்லை. அக்டோபர் மழையில் கிழக்கு வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது, வீடுகளுக்குள் வரவில்லை. மேற்கே, படுகையின் தாழ்ந்த மூலையில் ஏழு வீடுகளுக்குள் வந்தது. அந்த மழை 2022 அளவு பெரியதல்ல என்பதால் தூர்வாரியது எவ்வளவு உதவியது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

மறுபடி செய்தால்

முதலில் நடப்பேன், பிறகு வரைவேன். மேட்டுத் தெரு, மோரி, ஊஞ்சல் கல் என்று மக்கள் வாயில் இருந்த எல்லாமே வரைபடத்தைவிடத் துல்லியமான தரவு. பழைய வரைபடத்தைப் பொருத்தும்போது சாலையை நம்ப மாட்டேன், கல்லை நம்புவேன். அங்குல வரைபடத்தை வைத்து வீட்டளவில் எதையும் முடிவு செய்ய மாட்டேன். எல்லைக் கோட்டின் தடிமனே அங்கே ஒரு தெரு.

கன்னடம் படித்தவர் முதல் நாளிலிருந்தே குழுவில் இருக்க வேண்டும். பக்கத்து மொழி என்பதாலேயே பாதி புரியும், அந்தப் பாதிதான் ஆபத்து. அறியாத சொல்லென்றால் அகராதியைப் பார்த்திருப்போம். 'தரி' அறிந்த சொல் போலவே இருந்தது.

நினைவுப் பிசகு என்று யாருடைய பேச்சையும் ஒதுக்குமுன், ஒத்துப்போகாத ஆவணத்தை எதிரே வைத்து இரண்டையும் ஒரே கடுமையோடு கேள்வி கேட்பேன். வரைவுப் படம் எதுவும் கைப்பேசியில் இருக்காது. மாணவர்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அது வெளியே போனால் என்ன ஆகும் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

நீர்கண்டி குடும்பத்தைத் தேடியதில் பாதிதான் முடிந்திருக்கிறது. பழைய கிராமத்தின் பக்கம் இரண்டு வீடுகளில் 'எங்க தாத்தா தூபு எத்துவார்', அதாவது தூம்பைத் தூக்கித் திறப்பார் என்கிறார்கள். இருவரும் ஒரே குடும்பமல்ல, இரண்டு பேருக்கும் அது நிஜமாக இருக்கலாம், முறை மாறியிருக்கலாம். சிறு ஏட்டின் அடுத்த பதிப்பை அதற்காக நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆயாவின் பேட்டியைத் திருத்தி அவரிடம் வாசித்துக் காட்டியபோது ஒரு வரியை மட்டும் மாற்றச் சொன்னார். 'சூளை வேலைக்கு வந்தோம்' என்று இருந்ததை, 'கூட்டிக்கினு வந்தாங்க' என்று போடச் சொன்னார். போட்டிருக்கிறோம்.